மாணவர் இல்லத்தில் ஆசிரியர்

குருகுலம் என்னும் சொல்லை நீங்கள் அறிவீர்கள். மாணவன் ஆசிரியர் இல்லத்திலேயே தங்கி, அவருக்குப் பணிவிடை செய்து, அவர் அளித்ததை உண்டு கல்வி கற்ற முறை அது. நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடமும் ஏறக்குறைய அதன் வழி வந்ததே. இரண்டிலும் வீடு ஆசிரியருடையது. தேடி வருபவன் மாணவன். இதற்கு நேர்மாறான ஒரு முறையைப் பற்றி இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். மாணவன் தன் வீட்டிலேயே இருக்கிறான். ஆசிரியர் கடல் கடந்து வந்து, அவ்வீட்டின் ஓர் அறையில் குடியிருந்து, அவன் தாய் சமைத்ததை உண்டு, அவனுடைய வீட்டார் பேசாத ஒரு மொழியை அவனுக்குக் கற்பிக்கிறார். 1986, 1987 ஆகிய இரண்டு ஆண்டுகள் மாலத் தீவுகளில் ஆங்கில ஆசிரியனாகப் பணி புரிந்தபோது நான் இவ்வாறுதான் வாழ்ந்தேன்.

மாலத் தீவுகள் நமக்கு அண்டை நாடு. இலட்சத் தீவுகளுக்குத் தெற்கே, வடக்குத் தெற்காக ஏறக்குறைய 870 கிலோமீட்டர் நீளத்துக்குச் சிதறிக் கிடக்கும் சுமார் 1,190 பவளத் தீவுகள் அவை. மக்கள் வாழ்பவை ஏறத்தாழ 200 மட்டுமே. வளையம்போல் அமைந்த பவளத் தீவுத் தொகுதியை உலகத்துப் புவியியல் நூல்களெல்லாம் ‘அடோல்’ என்று குறிக்கின்றன அல்லவா? அச்சொல் அம்மக்களின் திவேஹி மொழி உலகுக்கு ஈந்த சொல். நமக்கும் அம்மொழி ஒரு சொல்லை ஈந்திருக்கிறது. தென்பாண்டிக் கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் ‘மாசி’ என்று சொல்லி, இடித்துச் சம்பலில் சேர்க்கிறோமே, கட்டைபோல் உலர்ந்த அந்தச் சூரைக் கருவாடு, அங்கிருந்து வந்த பொருள். திவேஹியில் ‘மஸ்’ என்றால் மீன். கொடுக்கல் வாங்கல் ஒருவழியானது அன்று. அவர்கள் தம் படகைத் ‘தோனி’ என்கிறார்கள். தூத்துக்குடியிலிருந்து வெங்காயமும் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிய மரக்கலங்கள் அந்நாட்டுக்குச் சென்று வருவது நெடுநாளைய வழக்கம். முதலாம் இராசராசன் வென்றதாக அவன் மெய்க்கீர்த்தி கூறும் பன்னீராயிரம் தீவுகள் இவையே என்று கருதும் வரலாற்றறிஞர்களும் உண்டு. ஆகவே, நான் சென்றது அயல்நாடேயாயினும் முற்றும் அறியாத இடமன்று.

அந்நாட்டுக்கு ஆங்கில ஆசிரியர் வெளியிலிருந்து ஏன் வரவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அம்மக்கள் கல்வியில் பின்தங்கியவர்கள் என்று எண்ணிவிட வேண்டா. தாய்மொழியை எழுதப் படிக்கத் தெரியாதவரை அத்தீவுகளில் காண்பது அரிது. அதற்குக் காரணம் ‘எதுருகே’ என்னும் பழைய ஏற்பாடு. ‘எதுரு’ என்றால் ஆசிரியர். ‘கே’ என்றால் வீடு. அக்கம் பக்கத்துப் பிள்ளைகள் ஓர் ஆசிரியர் வீட்டிலோ, படித்த மூதாட்டி ஒருவர் வீட்டிலோ கூடித் திருக்குர்ஆன் ஓதவும் திவேஹி எழுதவும் கற்றார்கள். நம் திண்ணைப் பள்ளியின் உடன்பிறப்பு என்றே அதனைச் சொல்லலாம். ஆனால், 1960களின் தொடக்கத்தில் தலைநகராகிய மாலேயின் பள்ளிகளில் ஆங்கிலம் பயிற்றுமொழியாயிற்று. 1965 ஜூலை 26ஆம் நாள் நாடு ஆங்கிலேயர் பாதுகாப்பிலிருந்து விடுதலை பெற்றபின் அம்முறை மேலும் பரவியது. நான் சென்ற காலத்தில் அந்நாட்டில் பல்கலைக்கழகம் இல்லை. மக்கள் தொகை இரண்டு இலட்சத்துக்கும் குறைவு. அத்துணைச் சிறிய மக்கட்கூட்டம் எல்லாத் துறைகளுக்கும் தன் மொழியில் பாடநூல் எழுதி அச்சிடுவது எளிதன்று. மாணவர் எழுதிய இறுதித் தேர்வு இலண்டனிலிருந்து நடத்தப்பெற்றது. 1972 முதல் வளர்ந்து வந்த சுற்றுலாத் தொழிலும் ஆங்கிலம் தெரிந்தவரையே நாடியது. இக்காரணங்களால் முதலில் இலங்கையிலிருந்தும், பிறகு இந்தியாவிலிருந்தும் ஆசிரியர்கள் சென்றார்கள்.

சரி, ஆசிரியர் வந்தாயிற்று. எங்கே தங்குவது? நான் அனுப்பப்பெற்ற வடபகுதித் தீவை ஒரு மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். அங்கே விடுதியில்லை, வாடகை வீடு இல்லை, காசு கொடுத்து உண்ணும் உணவுச்சாலையும் இல்லை. ஆகையால் அக்காலத்தில் ‘கதீபு’ என்று அழைக்கப்பெற்ற தீவுத் தலைவர், வசதியுள்ள ஒரு வீட்டாரைக் கேட்டு, ஆசிரியருக்கு ஓர் அறையும் உணவும் ஏற்பாடு செய்தார். மாதந்தோறும் ஒரு தொகையை நான் அவ்வீட்டாரிடம் கொடுத்தேன். இதனால் நான் அவ்வீட்டில் ஒரே சமயத்தில் மூன்று நிலைகளில் இருந்தேன். பணம் கொடுப்பதால் குடியிருப்போன். அயல்நாட்டான் ஆகையால் விருந்தினன். அவ்வீட்டுப் பிள்ளைகள் மூவரும் என் பள்ளியிலேயே படித்ததால் ஆசிரியன். இம்மூன்றும் ஒன்றோடொன்று இணங்கிப் போவதில்லை. விருந்தினன் ‘போதும்’ என்று சொல்லக் கூடாது. குடியிருப்போன் ‘உப்புக் குறைவு’ என்று சொல்லலாம். ஆசிரியனோ எதையும் சொல்லாமல், எல்லாராலும் கவனிக்கப்படுகிறான்.

உறவுப் பெயர்களிலிருந்தே தொடங்குகிறேன். முறை சொல்லி அழைக்காமல் பெயர் சொல்லி அழைப்பது நமக்கு எப்படிக் கூசுமோ, அப்படியே அவர்களுக்கும் கூசும். வீட்டுத் தலைவியார் என்னினும் மூத்தவர். அவரைத் ‘தத்தா’ என்று அழைத்தேன். அதற்கு அக்காள் என்று பொருள். அவர் கணவரைப் ‘பேபே’ என்றேன். அண்ணன் என்று பொருள். வீட்டிலிருந்த முதிய பாட்டியாரை எல்லாரும் ‘மாமா’ என்றார்கள். ஆம், திவேஹியில் மாமா என்றால் பாட்டி. “மாமா எனக்கு வெற்றிலை மடித்துத் தந்தார், தத்தா கிணற்றில் நீர் இறைத்தார்” என்று நான் ஊருக்கு எழுதிய கடிதத்தைப் படித்த என் தாயார், அவ்வீட்டில் ஆண்பிள்ளைகளே எல்லா வேலையும் செய்கிறார்கள்போலும் என்று வியந்து பதில் எழுதினார். பாட்டியார் என்னைத் ‘தரிஃபுளு’ என்று அழைப்பார். ‘குழந்தாய்’ என்பது போன்ற சொல் அது. மற்றவர் அனைவருக்கும் வீட்டிலும் தெருவிலும் நான் ‘ஸர்’. என் இயற்பெயர் அத்தீவில் பள்ளிப் பதிவேட்டில் மட்டுமே இருந்தது.

நாளின் தொடக்கம் தேங்காய் துருவும் ஒலி. விடியுமுன்பே பேபே மீன்பிடிக்கப் புறப்பட்டுவிடுவார். 1974ஆம் ஆண்டுக்குப் பிறகு தோனிகளில் இயந்திரம் பொருத்தப்பெற்றதால், பாய் விரித்துக் காற்றுக்குக் காத்திருந்த நாள்கள் மறைந்து கொண்டிருந்தன. முதலில் சிறுமீனைப் பிடித்து உயிருடன் படகில் வைத்துக் கொள்வார்கள். சூரைக் கூட்டம் கண்ணில் பட்டதும் அவற்றை வாரி இறைப்பார்கள். பின்னர் நீண்ட கழியில் கட்டிய முள்ளில்லாத தூண்டிலால் ஒவ்வொன்றாக வீசி எடுப்பார்கள். வலை கிடையாது. அவர் திரும்புவது பிற்பகலில். அதற்குள் பெண்கள் வெண்மணல் முற்றத்தையும், முற்றத்தோடு நில்லாமல் தெருவையும், ஈர்க்குமாற்றால் கோடு கோடாகப் பெருக்கி முடித்திருப்பார்கள். காலையில் அம்மணலின்மீது முதல் அடி வைப்பதற்கு எனக்கு மனம் வந்ததேயில்லை, சுவரோரமாகவே நடப்பேன்.

வீட்டின் பின்புறம் கூரையற்ற, சுவர் சூழ்ந்த ஒரு குளியலிடம். அதற்குள்ளே ஆழமில்லாத கிணறு. நீண்ட கழியின் நுனியில் தகரக் குவளை பொருத்தி, குனியாமலே நீரை மொண்டு தலையில் ஊற்றிக் கொள்ளலாம். நாற்புறமும் கடல் சூழ்ந்த மணல்திட்டில் நன்னீர் எவ்வாறு கிடைக்கிறது என்பதை அறிவியல் மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். மழைநீர் மணலூடே இறங்குகிறது. உப்புநீரைவிட நன்னீர் எடை குறைந்தது. ஆதலால் அது கலந்துவிடாமல் கடல்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உப்புநீர் மேலே வந்துவிடும். ஆகவே, அந்நாட்டுப் பிள்ளைகள் நீரை வீணாக்கி நான் கண்டதில்லை. குடிப்பதற்குக் கூரையிலிருந்து பிடித்த மழைநீர்.

உணவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. காலையில் ‘மஸ் ஹுனி’; துருவிய தேங்காயோடு உதிர்த்த சூரைமீன், வெங்காயம், மிளகாய், எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிசைந்தது. அதனோடு ‘ரொஷி’ என்னும் மெல்லிய ரொட்டியும் தேநீரும். நண்பகலில் சோறும் ‘கருதியா’வும். கருதியா என்பது மீனை உப்புநீரில் வேகவைத்து எடுத்த தெளிவான சாறு. புளியில்லாத இரசம் என்று வைத்துக் கொள்ளுங்கள். அச்சாற்றை மணிக்கணக்காகக் காய்ச்சினால் கரிய களிம்புபோல் இறுகும்; அது ‘ரிஹாகுரு’. ஆண்டுக்கணக்கில் கெடாது. மீன் கிடைக்காத புயல் நாள்களில் அதுவே கறி. நான் திருச்செந்தூர்ப் பக்கத்தான்; மீனுக்கு அஞ்சுபவன் அல்லன். என்றாலும் மூன்று வேளையும் மீன், மாலைச் சிற்றுண்டியிலும் மீன் என்னும்போது, மூன்றாம் மாதத்தில் ஒருநாள் நம் வீட்டு மோர்ச்சோறு கனவில் வந்தது. தத்தாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால், ‘ஸர் இன்று பாதிச் சோறுதான் உண்டார்’ என்ற செய்தி பள்ளி விடுமுன் தீவு முழுவதும் பரவிவிட்டது. மாலையில் முன்பின் அறியாத ஒருவர், தம் தோட்டத்துப் பூசணிக்காய் ஒன்றை வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

அயலார் வீட்டில் தங்கும் ஆசிரியன் இழப்பது தனிமை. பெறுவதோ, வகுப்பறையில் எக்காலத்திலும் கிடைக்காத ஓர் அறிவு. மாணவனின் மொழி அவன் வீட்டில் எவ்வாறு இயங்குகிறது என்பதே அவ்வறிவு. ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். எங்கள் பள்ளிப் பிள்ளைகள், ஆண்மகனைக் குறிக்கும் ‘ஹி’ என்பதற்கும் பெண்மகளைக் குறிக்கும் ‘ஷி’ என்பதற்கும் வேறுபாடு பாராட்டாமல் பேசினார்கள். ‘என் அக்காள் வந்தான், அவன் சேலை உடுத்தியிருந்தான்’ என்பது போன்ற வாக்கியங்கள் நாள்தோறும் வரும். இது கவனக்குறைவு என்றே மற்ற ஆசிரியர்கள் கருதினார்கள். வீட்டில் பாட்டியார் பேசுவதைக் கேட்டிருந்த எனக்கு உண்மை விளங்கியது. திவேஹியில் அவன், அவள் என்ற பாகுபாடு இல்லை. இருபாலார்க்கும் ‘ஏனா’ என்னும் ஒரே சொல்தான். தாய்மொழியில் இல்லாத ஒரு வேலியை அந்நிய மொழிக்காகப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. அதற்குத் திருத்தமும் தண்டனையும் பயன்படா, பழக்கமே பயன்படும். ஆகவே, பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் கற்ற மாற்றுச்சொல் அட்டவணைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, பிள்ளைகளின் வீட்டு மனிதர்களையே பாடமாக்கினேன். பேபே கடலுக்குப் போகிறார், தத்தா தேங்காய் துருவுகிறார், மாமா வெற்றிலை மெல்லுகிறார் என்று அந்தந்த வீட்டு ஆளைச் சொல்லி, ஆங்கிலத்தில் அவனா, அவளா என்று கேட்பேன். ஓராண்டில் அப்பிழை பெரும்பாலும் மறைந்தது.

இன்னொன்று. நம் பிள்ளைகள் ஆங்கில ‘ஃப’ ஒலிக்கு இடர்ப்படுவார்கள், ‘காபி’ என்பார்கள். அங்கே அந்த இடர்ப்பாடு இல்லை. பழைய பகர ஒலியே திவேஹியில் ஃபகரமாக மாறிவிட்டது. நீருக்கு ‘ஃபென்’, நூலுக்கு ‘ஃபொத்’. ஆனால், சொல்லின் இறுதியில் உகரம் சேர்ப்பதில் அவர்களும் நாமும் ஒன்று. நம் பாமரர் ‘காரு’ என்பதுபோல அவர்களும் ‘காரு’ என்பர். அத்தீவில் கார் ஒன்றுகூட இல்லை என்பது வேறு செய்தி. பாடநூலில் ஆறு வந்தது, மலை வந்தது, புகைவண்டி வந்தது. ஆற்றைக் கண்ணால் காணாத பிள்ளைக்கு ஆற்றை எவ்வாறு விளக்குவது? ‘இரு தீவுகளுக்கு இடையே நீரோட்டம் ஓடுகிறதே, அதன் இரு கரையும் நெருங்கி, நீர் உப்பில்லாமல், ஒரே திசையில் ஓடினால் அது ஆறு’ என்றேன். ஒரு சிறுவன் எழுந்து, “அந்த நீர் தீர்ந்து போகாதா, ஸர்?” என்று கேட்டான். தாமிரபரணிக் கரையைக் கண்டு வளர்ந்த எனக்கு அக்கேள்வி அன்றுதான் முதன்முதலாகத் தோன்றியது.

இரவில் நான் மாணவன். மாலை 6 மணி முதல் 11 மணிவரை தீவின் மின்னாக்கி ஓடும். அந்த விளக்கொளியில் வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலப் பாடம் எழுதுவார்கள். அது முடிந்ததும், எட்டு வயதுக் கடைக்குட்டி எனக்குத் ‘தானா’ எழுத்துக் கற்பிப்பான். தானா என்பது திவேஹியின் எழுத்துமுறை, 24 எழுத்துகள், வலமிருந்து இடமாக எழுதப்படுவது. அதில் ஓர் அருமையான புதிர் உண்டு. அதன் முதல் ஒன்பது எழுத்துகளின் வடிவங்கள் அரபு எண்கள் ஒன்று முதல் ஒன்பது வரையிலிருந்து அமைந்தவை. எண்ணே எழுத்தாயிற்று! அதுமட்டுமன்று, அந்நாட்டு ஆட்சிப் பிரிவுகளுக்கு அவ்வெழுத்துகளின் பெயர்களையே வரிசையாகச் சூட்டியிருக்கிறார்கள். ஷவியனி, நூனு, ரா, பா என்று அரிச்சுவடி சொல்லிக்கொண்டே வடக்கிலிருந்து தெற்கே பயணம் செய்யலாம். என் சிறிய ஆசான் மிகக் கண்டிப்பானவன். பகலில் நான் வகுப்பில் சொன்ன அதே சொற்களை, அதே குரலில், இரவில் என்னிடம் சொல்லுவான்: “இன்னும் பத்து முறை எழுதுங்கள், ஸர்.” வலமிருந்து எழுதும் கைக்கு இடமிருந்து எழுதுவது எத்துணை அயர்வு தரும் என்பதை என் கை அவ்விரவுகளில் உணர்ந்தது. அதன் பிறகு முதல் வகுப்புப் பிள்ளைகளின் கோணல் எழுத்துகளைக் கண்டு நான் முகம் சுளித்ததில்லை. அவர்களுடைய திவேஹிக் குறிப்பேடு ஒரு புறத்திலிருந்து திறக்கும். ஆங்கிலக் குறிப்பேடு மறுபுறத்திலிருந்து திறக்கும். ஒரே பையில் இரண்டு உலகங்கள்.

இம்முறையின் இடர்ப்பாட்டையும் சொல்ல வேண்டும். பகலில் ஒரு பையனைக் கண்டித்துவிட்டு, இரவில் அவன் தாய் பரிமாறும் சோற்றை உண்பது எளிதன்று. ஆயினும் தத்தா ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. மீன் துண்டின் அளவும் குறைந்ததில்லை. அதைவிடக் கடினமானது மற்றப் பெற்றோர்களின் பார்வை. ஆசிரியர் தங்கியிருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு மதிப்பெண் கூடுகிறதா என்று ஊர் முழுவதும் பார்த்துக் கொண்டிருந்தது. அதற்காக, அவ்வீட்டுப் பிள்ளைகள் மூவரின் தேர்வுத் தாள்களையும் இலங்கையிலிருந்து வந்திருந்த மற்றோர் ஆசிரியரிடம் கொடுத்துவிடுவேன். அவர் தங்கியிருந்த வீட்டுப் பிள்ளைகளின் தாள்களை நான் திருத்துவேன். வருங்காலத்தில் ஆசிரியர்களாகப் போகும் உங்களுக்கு இச்செய்தி பயன்படலாம்.

சமயம் வேறாயினும் அவ்வீட்டில் அதனால் எனக்கு ஒரு குறையும் நேரவில்லை. நோன்பு மாதத்தில் பகலில் தீவில் அடுப்பு எரியாது. நானும் அவர்களோடு சூரியன் மறைந்த பின்பே உண்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆயினும் பாட்டியார், நோன்பு நோற்ற களைப்போடு, நண்பகலில் என் அறை வாசலில் ஒரு தட்டை மூடி வைத்துவிட்டு, ஒன்றும் அறியாதவர்போலப் போய்விடுவார். “நோன்பு எங்களுக்குத்தான்; பிள்ளை ஏன் பசித்திருக்க வேண்டும்?” என்பது அவர் வாதம். நன்றி சொன்னேன், அவர் சிரித்தார். அந்நாட்டில் நன்றி கூறும் ‘ஷுகுரிய்யா’ என்பது வெளியிலிருந்து வந்த சொல். வீட்டார்க்குள் அதைச் சொல்லும் வழக்கத்தை நான் காணவில்லை. நாமும் தாயிடம் நன்றி சொல்கிறோமா?

இனி, நான் கற்பித்த மொழி அம்மக்களுக்கு என்ன செய்தது என்பதைச் சொல்கிறேன். 1987 ஏப்ரலில் பேரலைகள் எழுந்து மாலே நகருக்குள் புகுந்தன. அவ்வாண்டு அக்டோபரில் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் மௌமூன் அப்துல் கயூம் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் நின்று, கடல்மட்டம் உயர்ந்தால் தம் நாடே மறைந்து போகும் என்று உலகத்தாரிடம் முறையிட்டார். அவர் பேசியது ஆங்கிலத்தில். அச்செய்தி வானொலியில் வந்த இரவில் எங்கள் வீட்டு முற்றத்தில் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். வீட்டின் மூத்த பெண், பதினான்கு வயதினள், ‘ஸீ லெவல்’ என்றால் என்ன பொருள் என்று என்னைக் கேட்டாள். சொன்னேன். அவள் அதைத் திவேஹியில் பாட்டியாருக்குச் சொன்னாள். பாட்டியார் வெகுநேரம் பேசாமலிருந்து, “அவர்கள் மொழியில் சொன்னால்தான் அவர்களுக்குக் கேட்கும்போலும்” என்றார். இரண்டு இலட்சம் பேரும் பேசாத ஒரு மொழியை வைத்துக்கொண்டு உலகத்தோடு வழக்காட முடியாது என்பதை எந்தக் கல்வி அறிக்கையும் இதனினும் தெளிவாகச் சொன்னதில்லை.

அதே ஆங்கிலம் அப்பெண்ணை அத்தீவிலிருந்து பிரித்தது. எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு வரைதான் உண்டு. மேலே படிக்க வேண்டுமானால் மாலேக்குப் போக வேண்டும். அங்கே விடுதி வசதி இல்லாத பிள்ளைகள் உறவினர் வீடுகளில் தங்கினார்கள். தங்கும் இடத்துக்கும் உணவுக்கும் ஈடாக அவ்வீட்டு வேலைகளைச் செய்தார்கள். இது அக்காலத்தில் அந்நாடு முழுவதும் இருந்த வழக்கம். நான் பிறர் வீட்டில் தங்கினேன். எனக்கு மீனின் நடுத்துண்டு கிடைத்தது. அப்பெண்ணும் பிறர் வீட்டில் தங்கப் போகிறாள். அவள் விடியுமுன் எழுந்து அந்த மீனைக் கழுவ வேண்டும். தத்தா ஒருநாள் ஊஞ்சலில் அமர்ந்தபடி என்னைக் கேட்டார்: “ஸர், இவள் போனால் திரும்பி வருவாளா?” பேபே அருகே வலைநாற்காலியில் சாய்ந்து வாளா இருந்தார். நான் இரண்டையும் சொன்னேன். இவளுக்கு இருக்கும் அறிவுக்கு இலண்டன் தேர்வில் தேறுவாள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், தேறிய பிள்ளைகளுக்கு இத்தீவில் செய்வதற்கு வேலை ஒன்றும் இல்லை. ‘அனுப்புங்கள்’ என்ற சொல்லை நான் சொல்லவில்லை. அதைச் சொல்லும் உரிமை, மாதம் முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பும் ஒருவனுக்கு இல்லை என்றே இன்றும் கருதுகிறேன். பேபே ஒரு வாரம் கடலுக்குப் போய்வந்த பின் முடிவு சொன்னார். என் பணி முடிந்து நான் மாலேக்குப் புறப்பட்ட அதே தோனியில், ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு போத்தல் ரிஹாகுருவோடும் அவளும் வந்தாள்.

அவள் எனக்கு ஆங்கிலத்தில் எழுதிய முதல் கடிதம் நான்கு மாதங்களுக்குப் பிறகு வந்தது. காலை 4 மணிக்கு எழுகிறேன், மூன்று தேங்காய் துருவுகிறேன், பிறகு பள்ளி, பிறகு பாத்திரம், பிறகு பாடம் என்று நாள்முறையை நிரலாக எழுதியிருந்தாள். புகார் ஒன்றும் இல்லை. அவன், அவள் எல்லாம் சரியாக இருந்தன. தேர்வில் தேறி அவள் தொடக்கப்பள்ளி ஆசிரியையானாள். அவளை நியமித்தது வேறொரு தீவில். அங்கே அவளும் ஒரு மாணவன் வீட்டில்தான் தங்கினாள். “இப்போது எனக்கும் நடுத்துண்டு கிடைக்கிறது, ஸர்” என்று எழுதினாள்.

இன்று அந்நிலை பெரிதும் மாறிவிட்டது. மக்கள் வாழும் தீவுகளில் பெரும்பாலானவற்றில் பத்தாம் வகுப்பு வரை பள்ளிகள் ஏற்பட்டிருக்கின்றன. சிறு வயதிலேயே மாலேக்குச் செல்ல வேண்டிய கட்டாயம் குறைந்திருக்கிறது. உள்நாட்டு ஆசிரியர்களும் பெருகியிருக்கிறார்கள். மக்கள் வாழும் தீவுகளிலும் சுற்றுலாப் பயணிகள் தங்கலாம் என்றான பிறகு, வீட்டு அறைகள் பலவற்றுக்கு வேறு வாடகைதாரர் வந்துவிட்டார்கள். நான் இருந்த அறையிலும் அவ்வாறே என்று கேள்விப்படுகிறேன்.

அப்பெண்ணுக்கு இப்போது ஐம்பது வயது கடந்துவிட்டது. அவள் பேரக் குழந்தைகள் மாலேயில் வளர்கிறார்கள். தங்களுக்குள் ஆங்கிலத்திலேயே பேசிக்கொள்கிறார்களாம். திவேஹியில் கதை சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுகிறார்களாம். ஆகவே, ஒவ்வோராண்டும் நீண்ட விடுமுறையில் அவர்களைத் தீவுக்கு அழைத்துச் செல்கிறாள். அங்கே எண்பது வயதைத் தாண்டிய தத்தா, பெருக்கி முடித்த வெண்மணல் முற்றத்தில் அவர்களை உட்காரவைத்து, ஈர்க்குச்சியால் ஷவியனியும் நூனுவும் எழுதிக் காட்டுகிறார், வலமிருந்து இடமாக.